ஒயர் பிடுங்கிய தறி

சேலத்து ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு மருந்து ஏற்றும் பம்பு கீச்சிட்டுவிட்டு நின்றது. டியூபில் காற்றுக் குமிழி வந்தால் தானாக நின்றுவிடுமாம். பள்ளிபாளையத்தில் அப்பா ஓட்டிய விசைத்தறியும் அப்படித்தான் நிற்கும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழுந்து தறி நின்றுவிடும். ஒரு தீபாவளிச் சமயம், அது நின்று நின்று அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தகட்டுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

"ஏனுங்க, அது எதையோ பாத்துத்தானுங்க நிக்குது" என்றாள் அம்மா.

"நின்னுக்கிட்டே இருந்தா துணி எப்பப் புள்ள எறங்கும்?"

எண்ணெயும் பாவுக்குப் போட்ட கஞ்சியும் மணக்கத் தறி தடதடவென்று ஓடியது. அறுந்த ஓர் இழை பக்கத்து இழைகளில் சிக்கி அவற்றையும் அறுத்தது. சாயங்காலம் துணியெல்லாம் ஓட்டை. அப்பா மெயின் சுவிட்சை அணைத்து, துணியை வெட்டி எறிந்தார்.

இன்று காலை டாக்டர் விளக்கினார். செல் இரண்டாகப் பிரியும்முன், எல்லாக் குரோமோசோமும் அவற்றைப் பிரித்து இழுக்கும் இழையில் மாட்டியாயிற்றா என்று பார்த்து நிற்குமாம். "உங்க பொண்ணோட கட்டியில அப்படி நிக்கறதே இல்லைங்க. தப்புந்தவறுமா பிரிஞ்சுக்கிட்டே இருக்குது."

அந்த ஒயரை யார் பிடுங்கினார்கள்? இவளுக்குள் எந்த சுவிட்சை நான் அணைப்பேன்?

நர்ஸ் குமிழியை எடுத்து, பம்பை மறுபடி ஓடவிட்டுப் போனாள். மகள் கண்ணைத் திறந்தாள்.

"நின்னுபோச்சாம்மா?"

"இல்ல சாமி. ஓடிக்கிட்டேதான் இருக்குது."