சூடம் ஏற்றச் சொன்னவன்

சரசு தனியறையில் என்னிடம் மட்டும் சொன்னதை அவளுடைய தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆம், நானேதான்! இருவருக்கும் நடுவராக உட்கார்ந்திருந்த நான்!

உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே, கோலா கெத்திலில், என்னைத் திட்ட ஆளில்லை. பத்து ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் சமரசம் பேசுகிறேன். வேலிச் சண்டையோ குடும்பச் சண்டையோ, ஒரே அமர்வில் முடித்துவிடுவேன் என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

சுங்கைப் பட்டாணியில் இரண்டு நாள் பயிற்சிக்குக்கூடப் போனேன். இரு தரப்பையும் தனித்தனியே கேள், தனியே கேட்டதை அடுத்தவரிடம் சொல்லாதே என்பதுதான் முதல் பாடம். தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டேன்!

சரசு குடியிருந்த வீடு தம்பி குமரன் பெயரில் இருந்தது. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டால் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம் என்று அவன் வாக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். அம்மா போன பிறகு, அப்படிச் சொல்லவே இல்லை என்றான் அவன். எழுத்தில் எதுவுமில்லை. வக்கீலைப் பார்க்கக் கிளம்பியவளைத் தடுத்தவன் நான்.

"கோர்ட்டுக்குப் போனா வருசக்கணக்கா இழுக்கும் லா. நான் இருக்கேன்ல, தங்கச்சி."

அந்த ஞாயிறு காலை மூன்று மணி நேரம் பேசியும் இருவரும் இறங்கி வரவில்லை. தனியறையில் அவள் அழுதாள்.

"அண்ணே, என்ன வேணும்னாலும் செய்யறேன். சூடம் மட்டும் அணைக்கச் சொல்லாதீங்க. ஃபேக்டரியில எங்க வீட்டுக்காரர் திருடலைன்னு ஒருதரம் அணைச்சேன். உண்மைதாண்ணே சொன்னேன்! எட்டாம் நாளே குருண் ரோட்டுல மோட்டார்ல அடிபட்டுப் போயிட்டாரு. தம்பிக்குக்கூட இது தெரியாது. எனக்கு இப்ப மக ஒருத்திதான் மிச்சம்."

நம்பினேன். ஒரு சொல் விடாமல் நம்பினேன்! வெளியே வந்தால் குமரன் கார்ச் சாவியோடு நிற்கிறான். அவன் போய்விட்டால் பேச்சு முறியும், ஊர் என்ன சொல்லும்...

"சூடம் ஏத்தச் சொல்லுங்க தம்பி. அவ அணைக்க மாட்டா." காதோடு காதாகச் சொன்னேன்.

வாக்குக் கொடுத்தது உண்மையென்றால் சூடம் அணைக்கட்டும் என்றான் குமரன். தட்டில் சூடம் எரிந்தது. கையால் அணைத்தால் சொன்னது உண்மை, மறுத்தால் பொய். எங்கள் ஆட்களுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். சரசு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். சூடம் தானாகவே எரிந்து அடங்கியது.

"பொய்க்காரி" என்று யாரோ முனகினார்கள். வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டு மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டாள். ஒரே அமர்வு!

குமரன் எனக்கு உறவா? இல்லை. ஏதாவது கொடுத்தானா? ஒரு காப்பிகூட வாங்கித் தரவில்லை! பிறகு ஏன்... அந்தப் பாழாய்ப்போன பெயருக்காகவா?

இப்போது குருணில் ஓர் அறையில் மகளோடு இருக்கிறாள். நீதிமன்றம் போயிருந்தால் வென்றிருப்பாளோ என்னவோ, தெரியாது. தம்பி சூடம் கேட்டது தன் விதி என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் மண்டபத்துக்கு வந்தாள். புருஷனோடு தகராறு என்று பக்கத்து அறைப் பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண் வாய் திறக்கத் தயங்கினாள்.

"பயப்படாம சொல்லு லா," என்றாள் சரசு. "அண்ணன்கிட்ட சொன்னா வெளியே போகாது."

நான் அந்தப் பெண்ணுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.