கிரகணம் பார்க்கக் கட்டிய மூட்டை

கிரகணம் பார்க்கப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசியில் என் வாய்தான் காரணம் என்று ஆகிவிடும். மற்றதற்கெல்லாம் அது பொய். இதற்கு மட்டும் உண்மை.

1955, ஆனி அமாவாசை. துவரம்பருப்பு மடித்து வந்த பேப்பரில்தான் அந்தச் சேதியைப் படித்தேன். அந்த அமாவாசையன்று காலையில் இலங்கையில் சூரியன் முழுசாக மறைந்துவிடுமாம். பட்டப்பகலில் இருட்டி நட்சத்திரம் தெரியுமாம். வெள்ளைக்காரர்கள் பெரிய பெரிய குழாய்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறார்களாம். நம் பக்கம் சூரியனில் முக்கால்வாசி மறைந்தாலும் இருட்டாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பருப்பைக் கொட்டிவிட்டு அந்தத் தாளை நீவி, மடித்து, பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். இலங்கை என்று எங்கே எழுத்தைப் பார்த்தாலும் அதை எடுத்துவைக்கிற பித்துக்குளித்தனம் எனக்கு இருந்தது.

என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். இருந்தார் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் கொழும்பில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதப் போனவர். எனக்கு அப்போது பதினாறு வயது. ஆறு கடுதாசி வந்தது. பிறகு கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர், மலைத்தோட்டத்துக்குப் போகிற ரயிலில் அவர் ஏறியதைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர், அந்த மண்டி இருந்த தெருவே இப்போது இல்லை என்றார். நான் முதலாமவரை நம்பினேன். பதின்மூன்று வருஷமாக அவரைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பேப்பரைப் படித்ததும் எனக்குத் தோன்றியதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவரும் அன்று வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கத்தானே செய்வார். கடலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றால் இரண்டு பேர் தலைமேலும் ஒரே இருட்டு விழும். மண்டபத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது, கையகலக் கடல்தானே, அங்கே இருட்டினால் இங்கேயும் இருட்டத்தானே செய்யும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அகரத்துப் பக்கம் எங்களுக்குத் தோட்டம். தக்காளி, கத்திரி, கொஞ்சம் கனகாம்பரம், கிணற்றைச் சுற்றித் தென்னை. வீட்டில் நாங்கள் நாலு பேர்: மாமனார், வேன் ஓட்டுகிற கொழுந்தன், கல்யாணமாகாத நாத்தனார், நான். மாமியார் மூன்று வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வேன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். யுத்தத்துக்கு அப்புறம் பழசாக வாங்கியது. காயைத் திண்டுக்கல் சந்தைக்கும், பூவைக் கொடைரோடு ஸ்டேஷனுக்கும் கொண்டுபோகும். திரும்பி வரும்போது பாதி நாள் யாராவது தள்ளிக்கொண்டு வருவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சும்மாதான் சொல்லிப்பார்த்தேன். மாமனார் எதற்கும் லேசில் சம்மதிக்கிற ஆளில்லை. பழனிக்குப் போவதற்கே மூன்று வருஷம் யோசித்தவர். அவர் கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மண்டபத்துக்கே போவோம், எல்லாருமே போவோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் ஆசைப்பட்டதற்காக ஒரு மனுஷன் இப்படி இறங்கிவருகிறாரே என்று அன்று இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மண்டபத்தில் எங்கே தங்குவது என்று பேச்சு வந்தது. கிரகணக் கூட்டத்தில் சத்திரத்தில் இடம் கிடைக்காது. அப்போதுதான் கொழுந்தன் ஆரம்பித்தான். கொடைரோட்டில், மலைக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வண்டியை அவன் பார்த்திருக்கிறான். உள்ளேயே படுக்கை, அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. நம்ம வேனையும் அப்படி ஆக்கிவிடலாம் என்றான். ஆக்கினான் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கீல் வைத்துப் பலகை அடித்தான். வேண்டும்போது இறக்கினால் கட்டில், வேண்டாதபோது தூக்கிக் கொக்கியில் மாட்டிவிடலாம். மேலே பழைய தார்ப்பாய். பின்னால் தண்ணீருக்குத் தகரப் பீப்பாய். ஸ்டவ் உருண்டுவிடாமல் இருக்கச் செங்கல் நாலை வைத்துக் கட்டினான். தக்காளி வாடை மட்டும் எவ்வளவு கழுவியும் போகவில்லை. நாத்தனார் என் பழைய புடவையைக் கிழித்துத் திரை தைத்தாள். அவளும் நானும் கண்ணாடிச் சில்லுகளை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்கவைத்தோம். அந்தப் பத்து நாள் நான் சிரித்த சிரிப்பு அந்த வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்காதது.

பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து வந்து வேனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், கிரகணம் பார்க்கப் போகிறோம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். ஊருக்கெல்லாம் ஏன் இப்படித் தம்பட்டம் அடிக்கிறார் என்றுகூட நினைத்தேன். இருந்தாலும் சந்தோஷம்தான்.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் சாமான்களைக் கட்ட உட்கார்ந்தேன். கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் கிண்டி வைத்தாயிற்று. அரிசி, பருப்பு, ஊறுகாய். மாமனார் திண்டுக்கல்லிலிருந்து வாங்கிவந்த பை தனியாக இருந்தது. பிரித்தேன். ஒரு கட்டு தர்ப்பை. அது சரி, கிரகணத்தன்று தண்ணீரிலும் ஊறுகாய் ஜாடியிலும் எல்லா வீட்டிலும் போடுவதுதான். அதற்கடியில் பச்சரிசி. அதற்கும் அடியில் ஒரு பொட்டலம் கறுப்பு எள்.

எள்ளுருண்டை பிடிக்க வாங்கினார் என்று நினைக்கிற அளவுக்கு நான் மண்டு இல்லை. பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மாமனார் வேனுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இந்த எள்ளு அத்தைக்கா?" என்று கேட்டேன்.

நாத்தனார் கயிற்றை விட்டுவிட்டாள். அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. மாமனார் அவிழ்ந்த கயிற்றை மறுபடி இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னார்.

"அவளுக்கு இல்ல தாயி. அவனுக்கு."

பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு விட்டுவிட்டுத்தான் காதில் விழுந்தது. காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம்தான் கெடு, பதின்மூன்றும் ஓடிவிட்டது. அதற்கப்புறமும் காரியம் செய்யாமல் இருந்தால் பாவம். சின்னவளுக்கு இருபத்தாறு வயதாகிறது, வருகிற இடமெல்லாம் தட்டிப்போகிறது. அண்ணன்காரன் ஆவி தண்ணீர் இல்லாமல் அலைகிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கிரகணத்தில் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டால் எல்லாம் தீரும். ஊரில் வைத்துச் செய்தால் நாலு பேர் வந்து என்னை உட்காரவைத்து, பூவை எடு, பொட்டை அழி என்பார்கள். அதற்காகத்தான் அவ்வளவு தூரம். அதற்காகத்தான் அந்தத் தம்பட்டம்.

"ஊருக்கு ஒண்ணும் தெரியாது. கிரகணம் பாக்கப் போயிட்டு வந்தாக, அம்புட்டுத்தான். நீ இருக்கிறபடி இருந்துக்க. ஒன்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"அப்ப நான் யாரு பொண்டாட்டி மாமா?"

அவர் அடுத்த முடிச்சுக்கு நகர்ந்துவிட்டார். இன்று நினைத்தால் பாவம்தான். அன்று பாவம் என்று தோன்றவில்லை. பத்து நாளாக என்னைப் பலகைக்குக் கீல் வாங்கியாயிற்றா, திரை தைத்தாயிற்றா என்று கேட்டுக்கேட்டுச் சிரிக்கவைத்துவிட்டு, உள்ளே இதை வைத்துக்கொண்டிருந்தாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நான் பொட்டலத்தை அங்கேயே தரையில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கொழுந்தன் வந்து, வண்டியைக் கெடுத்துப் போட்டுடவா மதினி, ஒரு நட்டைக் கழற்றினால் போதும் என்று கேட்டான். கேட்டுவிட்டு நின்றான். நான் செய் என்று சொல்லியிருந்தால் செய்திருப்பான். வேண்டாம் என்றேன். நாத்தனார் அழுதாள், எனக்காக நீங்க இதை ஏத்துக்க வேணாம் என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டது. திட்டியிருந்தால்கூட எதிர்த்து நின்றிருப்பேன். (அவளுக்கு மறு தையில் கல்யாணம் ஆயிற்று. எதனால் கூடிவந்தது என்று நான் யாரோடும் வாதாடப் போவதில்லை.)

போகாமல் இருந்துவிடலாம் என்றும் பார்த்தேன். நான் போகாவிட்டாலும் அவர்கள் செய்யத்தான் போகிறார்கள். என் புருஷனை நாலு பேர் சேர்ந்து சாகடிக்கப் போகிறார்கள் என்றால் நானும் அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது. மூன்றாம் நாள் எழுந்து மீதி மூட்டையைக் கட்டினேன். எள்ளையும் நான்தான் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். பரமக்குடி தாண்டி வண்டி கொதித்து நின்றது. பீப்பாய்த் தண்ணீரில் பாதி அதற்கே போயிற்று. மண்டபம் போய்ச்சேரச் சாயங்காலம் ஆயிற்று. அதற்கு மேல் வண்டிக்கு வழியில்லை, பாலத்தில் ரயில் மட்டும்தான். தென்னந்தோப்பு ஓரமாக மணலில் நிறுத்தினோம். பேய்க்காற்று. ஸ்டவ் பற்றவில்லை, திரை கிழிந்து பறந்தது. கொழுந்தன் பலகைகளை இறக்கினான். ஆசைப்பட்டுச் செய்த அந்தக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை, மணலில் உட்கார்ந்தே இருந்தோம்.

ஸ்டவ் ஏமாற்றியதால் நானும் நாத்தனாரும் டீக்கடைக்குப் போனோம். கடைக்காரர் இலங்கையில் இருந்து வந்தவர். நாளைக்கு இங்கே எப்போது இருட்டும் என்று கேட்டேன். இங்கன முழுசா மறையாதும்மா, அங்கிட்டு இலங்கைக்கு நடுவால போனாத்தான் இருட்டும், இங்க சும்மா மங்கலாத்தான் இருக்கும் என்றார். கையகலக் கடல் என்று நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்த இருட்டுகூட எனக்கும் அவருக்கும் பொதுவில்லை. டீயைக் குடிக்க முடியாமல் மணலில் ஊற்றினேன்.

காலையில் கிரகணம் பிடித்ததும் எல்லாரும் கடலில் முழுகினார்கள். மேகம் விட்டுவிட்டு ஓடியது. வெளிச்சம் மெல்ல மெல்லக் கெட்டு, புளி போட்டுத் துலக்காத பித்தளைப் பாத்திரம் மாதிரி ஆயிற்று. சுற்றிலும் ஆட்கள் கண்ணாடிச் சில்லை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். என் சில்லு வேனிலேயே கிடந்தது. நான் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த ஐயர் ஒருவர் ஈர மணலில் வரிசையாக ஆட்களை உட்காரவைத்துச் செய்துவைத்தார். மாமனார் முறை வந்தது. விரலில் தர்ப்பை மாட்டி, கையில் எள்ளை வைத்தார்கள். கோத்திரம் கேட்டார், தெரியவில்லை என்றதும் சிவகோத்திரம் என்று அவரே வைத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டார். மகனுக்கு என்றார் மாமனார். ஐயர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லச் சொன்னார்.

மாமனார் வாயைத் திறந்தார். வரவில்லை. அவர் பார்த்து வைத்த பெயர்தான். மறுபடி வாயைத் திறந்தார், தாடை மட்டும் ஆடியது. முழுகிவிட்டு வண்டிக்குள் ஏறிய கொழுந்தன் அதைவிட்டு இறங்கவே இல்லை. நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் சொல்லுங்கோ. பேர் சொல்லலேன்னா இந்த ஜலம் யாருக்கும் போகாது" என்றார் ஐயர். பின்னால் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

நான் சும்மா இருந்தால் போதும். கிரகணம் விட்டுவிடும், நேரம் தாண்டிவிடும், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்த மாதிரியே திரும்பிவிடலாம். பெயரை நான் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கட்டிக்கொண்டதிலிருந்து அதுவரை ஒருநாளும் அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவன் கேட்டபோதுகூட நாத்தனார்தான் சொன்னாள்.

மாமனாரின் முதுகைப் பார்த்தேன். ஈர வேட்டியில் கிழவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஆறு கடுதாசி எழுதத் தெரிந்தவருக்கு ஏழாவது எழுதக் கை வரவில்லையா? உயிரோடிருந்தால் இந்தக் கிழவரை இப்படி உட்காரவைப்பாரா? பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பெயரைச் சொல்லிவிட்டேன்.

எள்ளும் தண்ணீருமாக மூன்று முறை விட வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் பெயர் சொல்ல வேண்டும். முதல் முறை சொன்னபோது மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டாம் முறை, காற்றில் கேட்கவில்லை, உரக்கச் சொல்லும்மா என்றார் ஐயர். உரக்கச் சொன்னேன். மூன்றாம் முறை ஐயர் கேட்கும்வரைகூட நான் காத்திருக்கவில்லை.