அம்மா போட்ட கோடு

“கோட்டைத் தாண்டிப் போற பொண்ணு நாளைக்குக் குடும்பம் நடத்துமா?”

இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துத் திருப்பதியில் டிகிரி சேர வேண்டும் என்று நான் சொன்னபோது பெரியப்பா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிப் படிப்பையே முடித்ததில்லை. அவர் பயந்ததில் தவறில்லை.

அம்மா பிறந்தது பிச்சாட்டூரில், வாழ்க்கைப்பட்டது சித்தூரில். மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலைக்குத் தோல் சீவப் போவார். மாம்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் புண்ணாகியிருக்கும். வந்ததும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உலை வைப்பார்.

‘கோடு போடுவது’ என்றால் எங்கள் பக்கத்தில் அடுத்தவரை, அதிலும் பெண்களை, நிறுத்தி வைப்பது என்றே பொருள். அம்மா தன் கோபத்துக்கும் பேச்சுக்கும் மட்டுமே கோடு போட்டுக்கொண்டவர். பிறருக்கு அவர் போட்டது ஒரே ஒரு முறைதான்.

மறு வாரமே பெரியப்பா, எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் வீட்டார் கொடுத்தனுப்பிய பூவும் பழமுமாக வந்தார். அந்தப் பூவை நான் தலையில் வைத்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா இரு கையாலும் பூவை வாங்கிச் சாமி படத்துக்குச் சாத்தினார்.

“பொண்ணுக்கு டிகிரி முடியட்டும் மாமா.”

“பொட்டப் புள்ளைக்கு ஒரு கோடு வேணாவாம்மா?”

“வேணும் மாமா. இம்மா நாளா நீங்கல்லாம் போட்டீங்க. இது நான் போடறது. படிப்பு முடியறவரைக்கும் கல்யாணப் பேச்சு இந்த வாசப்படி தாண்டக்கூடாது.”

“எனக்கே கோடு போடறியா?”

“ஆமா மாமா. காபி ஆறிக்கினு இருக்குது, குடிங்க.”

அருகில் இருந்த நைனா, என் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சற்றுப் பொறுத்துப் பெரியப்பாவும் சிரித்துவிட்டார். கல்லூரி திறந்த அன்று என் பெட்டியைத் தூக்கிவந்து திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அவர்தான்.

அம்மா நோயில் விழுந்தபோது வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் துணைக்கு வந்தவரும் அவரே. ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த, அம்மாவோடு வேலை செய்த அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இவர்களால்தான் அம்மா என் பட்டத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கல்யாணப் பேச்சு மீண்டும் வந்தது. இம்முறை பதில் சொன்னது நான். பி.எட். சேர்ந்துவிட்டேன். இன்று அம்மாவின் திதிக்காக வந்திருக்கிறேன். நாளை காலை முதல் பஸ்ஸில் வகுப்புக்குத் திரும்புகிறேன்.