பேர் போட்டு எழுதிய பெட்டிசம்

போன கிழமை மா அரிக்கும்போது வண்டு வந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு. அரிதட்டில் கிடந்து ஓடித் திரிந்தன. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "சீ, எறியுங்கோ அம்மா" என்றாள். நான் எறியாமல் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். ஈரச் சாக்கும் பழைய கடதாசியும் சேர்ந்த ஒரு மணம். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அது நிவாரண மாவின் மணம். அதோடு என்னைப் பற்றி நானே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலத்தின் மணம்.

தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு என்று வையுங்கள். யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் மருந்து போல. கரவெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரின் நடுவில் கூட்டுறவுச் சங்கக்கடை. நிவாரண அட்டைக்கு மாவும் பருப்பும் சீனியும் அங்கேதான் கொடுப்பார்கள். கடையை நடத்தினவரை எல்லாரும் மனேச்சர் என்றே கூப்பிடுவார்கள். காலையில் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் மனிதர் தராசைத் தொடமாட்டார். அந்தத் தராசில் மா வைக்கிற தட்டுக்கு அடியில் ஒரு பாக்களவு பழப்புளி ஒட்டியிருக்கும். அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

"மனேச்சர், இண்டைக்குப் புளி கொஞ்சம் கூடப் போலக் கிடக்கு" என்று வரிசையிலிருந்து யாராவது பகிடி விடுவார்கள்.

"கறிக்கு வேணுமெண்டாச் சொல்லுங்கோ அக்கா, சுரண்டித் தாறன்" என்பார் அவர். வரிசை முழுக்கச் சிரிக்கும். குறைந்த மாவை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்குப் போகும்.

சனம் சந்தோஷமாக இருந்தது. நக்கலுக்குச் சொல்லவில்லை. குண்டு போடுகிற பிளேனுக்கு அடியில், இருட்டில், பட்டினியில், எங்கள் ஊர் தன் களவோடு ஒருவித சமாதானத்தில் இருந்தது. ஏனென்றால் எல்லாருக்கும் அதில் ஒரு நூல் இருந்தது. வைத்தியம் பார்க்கிற பரியாரியாருக்குச் சீனி. கோயில் ஐயருக்குப் பருப்பு. எங்கள் வீட்டுக்கு? ஐயா, என் தகப்பன், கணக்கு வாத்தியார். மனேச்சரின் மகனுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுத்தார். மாதத்தில் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய் பின்வாசலால் வரும். ஐயா அதற்கு அன்பளிப்பு என்று பேர் வைத்திருந்தார். கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் நெஞ்சு உறுத்தாத, அழகான பேர்.

நான் ஏ.எல். சோதனை எடுத்துப்போட்டுக் கம்பசுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த காலம். வயது இருபது. காத்திருக்கிற இருபது வயதுப் பிள்ளையை விட ஆபத்தான சாமான் உலகத்தில் இல்லை. பள்ளிக்கூட விவாதக் குழுவில் இருந்தவள் வேறு. நீதி என்னை நம்பித்தான் நிற்கிறது என்று எண்ணம். பேப்பரையே கொப்பித் தாளில் அடித்து விற்ற காலமென்பதால், கண்ணில் பட்ட அச்செழுத்து, கையெழுத்து எல்லாவற்றையும் வாசிப்பேன். அப்படித்தான் ஒருநாள் சங்கக்கடைக் கதவில் ஒட்டியிருந்த நிவாரணப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். நடுவில் பொன்னம்மா, வயது எழுபத்தினாலு. எனக்குத் திக்கென்றது. பொன்னம்மா ஆச்சி செத்து இரண்டு வருஷம். செத்த எட்டாம் நாள், அவவின் எட்டுச் செலவில் நான் மூன்று வடை தின்றவள்.

திரும்ப வாசித்தேன். ஒன்பது பேர். ஒன்பது செத்த ஆட்கள் எங்கள் ஊரில் மாதா மாதம் மா வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரமே நிவாரணம் பார்க்கிற அரச கந்தோருக்கு முறைப்பாடாக ஒரு பெட்டிசம் எழுதினேன். ஜாம் போத்தல் விளக்கில், மனேச்சர் தந்த மண்ணெண்ணெயில். அது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை. எங்கள் பகுதியில் பெட்டிசம் எழுதுவது ஒன்றும் புதினமில்லை. ஊருக்கு நாலு பேர் அதில் கைதேர்ந்த விண்ணர்கள். ஆனால் அதற்கொரு முறை உண்டு: கையெழுத்தை மாற்றி எழுதுவது, அடியில் 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்று போடுவது, வேறு ஊர்த் தபால் பெட்டியில் போடுவது. நான் கண்ணாடி போல் தேய்ந்துபோன காபன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் என் முழுப்பேரும் விலாசமும் எழுதினேன்.

அம்மா தலையில் கை வைத்தா. "விசரி, பெட்டிசத்துக்கு ஆராவது பேர் போடுவினமே?"

"உண்மையை எழுத ஏன் அம்மா ஒளிக்கவேணும்?"

"உண்மையெண்டு எங்களுக்கும் தெரியுமடி. அதுக்கு நீ ஏன் எழுதவேணும்?"

இரண்டு கிழமையில் விசாரணைக்கு ஒரு உத்தியோகத்தர் சைக்கிளில் வந்தார். சங்கக்கடைக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். "என்ரை சேவிசிலை விலாசம் போட்டு வந்த முதல் பெட்டிசம் இதுதான், பிள்ளை. வாரும், நீரே வந்து ஆளை ஆளைக் காட்டும்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அன்று மா கொடுக்கிற நாள். வரிசை ரோட்டுவரை நின்றது. உத்தியோகத்தர் மனேச்சரின் மேசையில் என்னை இருத்தி, கையில் அடிமட்டமும் சிவப்புப் பேனையும் தந்தார். பேரை வாசிப்பேன், செத்தவர் என்பேன், அடிமட்டம் வைத்து நேராகக் கோடு இழுப்பேன். மனேச்சர் சுவரோடு நின்றார். தனக்காக ஒரு சொல் பேசவில்லை. ஏழு கோடு போட்டாயிற்று. எட்டாவதாகப் பொன்னம்மா. நான் கோடு போடமுன்னமே ஒரு கை பொன்னம்மாவின் அட்டையை மேசையில் வைத்தது.

யாழ்ப்பாண நகரக் கடற்கரையில், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா. எங்கள் ஒழுங்கை முடிவில், புகை போடாமல் கிடந்த புகையிலைக் குடிலில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தா. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. ஓடிவரும்போது அவவின் அட்டை தொலைந்துபோயிற்று. புது அட்டைக்கு, பழைய இடத்தில் பேர் வெட்டியதாக அந்த இடத்துக் கிராம அதிகாரியான விதானையாரின் கடிதம் வேண்டும். அந்த விதானையாரே எங்கே ஓடிப்போயிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. இது எல்லாம் எனக்குத் தெரியும். அவ யாருடைய அட்டைக்கு மா வாங்குகிறா என்பதுதான் தெரியாது.

உத்தியோகத்தர் அட்டையைப் புரட்டினார். "இதிலை வயது எழுபத்தினாலு எண்டு கிடக்கு. நீர் ஆர்?"

அக்கா மனேச்சரைத் திரும்பிப் பார்த்தா. சுவரோடு நின்ற மனேச்சர்தான் முன்னுக்கு வந்தார்.

"பொன்னம்மான்ரை மகள், சேர். தாய் செத்தாப் பிறகு பேர் மாத்தேல்லை. பிழை என்ரை."

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "பொன்னம்மாவுக்கு மகள் இருக்கோ, பிள்ளை?"

வரிசையில் நின்ற அவ்வளவு பேருக்கும் பொன்னம்மா ஆச்சி பிள்ளையில்லாமல் செத்தது தெரியும். யாரோ செருமினார்கள். 'ஓம் சேர்' என்று நான் சொல்லியிருந்தால் அங்கே ஒரு ஆள் மறுத்திருக்கமாட்டார்.

"இல்லை சேர்" என்றேன். அதோடு நிற்கவுமில்லை. "அவவுக்குப் பிள்ளையளே இல்லை" என்று, கேட்காததையும் சொன்னேன். சொல்லிவிட்டு அடிமட்டத்தை வைத்தேன்.

அக்கா என் பக்கம் குனிந்தா. "தங்கச்சி, இண்டைக்கு மட்டும் தரச்சொல்லுங்கோ. சின்னதுகள் பாத்துக்கொண்டிருக்குதுகள்."

"அப்பிடிச் செய்யேலாது அம்மா. கடிதத்தைக் கொண்டுவாங்கோ, உங்கடை பேரிலையே பதிவம்" என்றார் உத்தியோகத்தர். கெட்ட மனிதரில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அக்கா கொண்டுவந்த உரப்பையை நாலாக மடித்துக் கமுக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு போனா.

மனேச்சருக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இடமாற்றம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இதைவிடப் பெரிய கடை. எங்களுக்கு வந்த புதியவர் நிறை பிசகாமல் நிறுத்தார். பின்வாசலைப் பூட்டினார். ஒன்பது பேரின் மா எங்கள் ஊருக்கு வருவது நின்றது. மேலே எங்கேயோ நின்றிருக்கும்; அங்கே அதை உயிரோடிருந்த யாரோ தின்றிருப்பார்கள். ஊர் என்னைப் பார்த்தால், "நீதவான் அம்மா வாறா, விலத்துங்கோ" என்றது. ஐயா விளக்கில் எண்ணெய் இல்லாததைக் காட்டி, "இனிச் சூரியனிலை படி" என்றார்.

நாலாம் நாள் ஒரு சுண்டு மாவை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனேன். படலை திறந்து கிடந்தது. பக்கத்து வளவுக்காரி, "அவ பிள்ளையளையும் கொண்டு குருநகருக்கே போட்டா. கடல் பக்கமெண்டா ஒரு மீனாவது கிடைக்குமெண்டு சொன்னவ" என்றாள். அப்போது குருநகரில் கடலில் இறங்கத் தடை. யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கமும் கடற்கரையும் செல் குண்டு விழுந்த மண்.

இத்தனை வருஷம் கழித்தும் என்னைத் தின்பது இதுதான். எந்தக் கந்தோருக்கு எழுதவேண்டும், எப்படி எழுதவேண்டும், யாருக்குப் பிரதி போடவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. மாவைக் களவெடுத்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. எட்டைத் தான் எடுத்தார், ஒன்றை அவவுக்குக் கொடுத்தார். அந்த எட்டுக்காக அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அந்த ஒன்றை நினைத்தால் அந்தக் கோபமும் நிற்பதில்லை.

தொண்ணூற்றைந்தில் குருநகரோடு சேர்த்து வலிகாமம் முழுக்கப் பெயர்ந்து மழைக்குள் வந்தபோது ரோட்டோரம் நின்று அக்காவைத் தேடி முகம் முகமாகப் பார்த்தேன். காணவில்லை. சண்டையெல்லாம் முடிந்த பிறகு, சங்கக்கடை நின்ற இடத்தில் போன் கடை வந்த பிறகு, ஒருமுறை குருநகருக்கும் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் எல்லாக் கதையையும் சொன்னேன்: இரண்டு பிள்ளைகள், கடலில் போன புருஷன், கரவெட்டிப் பக்கம் வந்து இருந்தது.

"உப்பிடி இஞ்சை எத்தினை பேர், பிள்ளை. பேரைச் சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரிந்தது பொன்னம்மா என்பது மட்டுந்தான். எங்கள் ஊரில் இருந்த அவ்வளவு நாளும் அவவை நாங்கள் குருநகர் அக்கா என்றே கூப்பிட்டோம். நான் எத்தனையோ பேரை வாசித்தேன், எழுதினேன், வெட்டினேன். அவவின் பேரைக் கேட்கவில்லை.

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மீனுக்குக் குனிந்தாள்.