விதையில்லாத பப்பாளி

இருபத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். பூவின் பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவேன். சூலகம், சூல்முடி, மகரந்தத்தாள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும். அப்படிப்பட்ட நான்தான் எங்கள் வீட்டு ஆண் பப்பாளியை வெட்டிச் சாய்த்தேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்த நகர்களில் ஒன்றில் எங்கள் வீடு. வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையாக இருந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள், நாங்களும் ஒன்று வாங்கினோம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் மார்பளவு காம்பவுண்டு சுவர். அதை ஒட்டி அந்தப் பக்கம் ஒரு பப்பாளி, இந்தப் பக்கம் ஒரு பப்பாளி. இரண்டையும் யாரும் விதைக்கவில்லை. எந்த வீட்டுப் பழத்தையோ தின்ற அணில், சுவர் மேல் ஓடும்போது இரண்டு பக்கமும் சிந்தியிருக்க வேண்டும். பப்பாளி விதைக்கு அப்படி ஒரு குணம். நாம் பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, தினமும் எட்டிப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். அணில் துப்பியது சிமெண்டு இடுக்கில்கூட முளைத்துவிடும்.

அந்தப் பக்கத்து மரம் இடுப்பிலிருந்து கழுத்து வரை காய்த்தது. எங்கள் மரம் பூத்தது, அவ்வளவுதான். நீளநீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகப் பூத்து, அத்தனையையும் நான் பெருக்கிக் கழுவிய வாசலில் கொட்டியது. பூவுக்கு எறும்பு, எறும்புக்குப் பல்லி என்று ஒரு கூட்டமே வந்து சேர்ந்தது.

பக்கத்து வீட்டுக்கு அந்தப் பெண்மணி வாடகைக்கு வந்தது ஒரு ஜூன் மாதம். கலெக்டர் ஆபீசில் வேலை. சொந்த ஊர் ஆம்பூர். கணவர் அங்கே ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், மகன் பிளஸ் டூ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவார், திங்கட்கிழமை விடிந்து வருவார். மற்ற நாளெல்லாம் தனியாள். எனக்கோ இரண்டு பெண்களும் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வர ஒன்பது ஆகும். ஆக, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்தத் தெருவில் பேச ஆளில்லாதவர்கள் நாங்கள் இருவர்தான்.

அவர் பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் வைத்துச் சுவருக்கு மேல் நீட்டுவார். நான் இட்லி மாவோ ரசப்பொடியோ கொடுப்பேன். அப்படியே நின்றபடி இருட்டும்வரை பேசுவோம். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரை மேடம் என்பேன். பெயர் சொல்லிக் கூப்பிடும் வயதை இருவருமே தாண்டியிருந்தோம். அவருடைய ஆபீசர், என்னுடைய தலைமையாசிரியர், இருவருக்கும் பொதுவான சர்க்கரை வியாதி என்று பேச்சு ஓடும். முதல் வருஷம் ரம்ஜான் மாதத்தில் அந்த மரம் தாங்க முடியாமல் காய்த்திருந்தது. பேரீச்சம்பழத்துக்கு அடுத்து இந்தப் பப்பாளியைத் தின்றுதான் நோன்பு திறப்பதாகச் சொன்னார். கடைப் பழம் கார்பைடு கல்லு வைத்துப் பழுக்க வைப்பது, அதைத் தொட மாட்டாராம். நோன்புக் கஞ்சி ஒரு தூக்கில் எனக்கும் வரும். எனக்குக் கூட்டாளி என்று ஒருத்தி இருந்தது கல்லூரியோடு சரி. நாற்பத்தெட்டு வயதில் திரும்ப ஒருவர் கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த ஜூனில்தான் அந்தக் காரியம் செய்தேன். தென்னைக்கு மட்டை கழிக்க வந்தவரிடம், இந்தத் தண்டத்தையும் சாய்த்துவிட்டுப் போங்கள் என்றேன். நான்கு வெட்டில் விழுந்தது. உள்ளே வெறும் குழல். வாசல் சுத்தமானது, நான் நிம்மதியாகக் காபி குடித்தேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

அவர் மரத்தில் இருந்த காய்கள் பழுத்துக்கொண்டு வந்தன. புதிதாக வந்த பூக்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. எதிர்வீட்டு அம்மா, கண்ணு பட்டுப்போச்சு, பழைய விளக்குமாறு ஒன்றைக் கட்டு என்றார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சத்துக் குறைவு, ஆட்டு எரு போடுங்கள் என்று டீச்சர் தோரணையில் சொன்னேன். மேடமும் ஆள் வைத்து ஒரு மூட்டை எரு வாங்கிப் போட்டார். பலன் தெரிகிறதா என்று பார்க்க நான் கேட்டைத் திறந்துகொண்டு அவர் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன். பார்த்து முடித்ததும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பார்.

கார்த்திகை தீபத்துக்கு வந்த உறவுக்காரர்களெல்லாம் ஊர் திரும்பிய மறுநாள், அவர் ஒரு சின்னப் பழத்தை அறுத்துக் காட்டினார். உள்ளே துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு விதை இல்லை.

"பாருங்க டீச்சர், விதையே இல்ல. ஒசந்த ஜாதி ஆயிடுச்சு" என்றார்.

அவர் சிரித்தார். விதை ஏன் இல்லை என்று என்னிடம் எந்தப் பிள்ளை கேட்டிருந்தாலும் அடுத்த நொடியே பதில் சொல்லியிருப்பேன். மகரந்தம் வரவில்லை, அதனால் விதை இல்லை. மகரந்தம் ஏன் வரவில்லை? அதைக் கொட்டிக்கொண்டிருந்த மரத்தைத்தான் நான் வெட்டிவிட்டேனே. ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறு செடியிலும் பூப்பது ஈரில்லத் தாவரம், எடுத்துக்காட்டு பப்பாளி. எத்தனை வருஷமாக நான் டிக்டேட் செய்த வரி அது. ஒரு பிள்ளை எடுத்துக்காட்டை விட்டுவிட்டால் மார்க்கைக் குறைப்பேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எரு போடச் சொன்ன வாயால், தப்பு என்னுடையது என்று சொல்ல வீறாப்பு இடம் கொடுக்கவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதற்கு ஒரு வழியும் கிடைத்தது. அவர் கொடுத்த பழத்தின் தோலையும் விதையையும் கொல்லைப்புறக் குழியில்தான் கொட்டுவேன். ஐப்பசி மழைக்கு அங்கே ஒரு கூட்டமே முளைத்து, சாண் உயரத்தில் நின்றது. அதில் திடமான ஒன்பது கன்றுகளைப் பெயர்த்துச் சுவரோரமாக நட்டேன். இரண்டைக் குரங்கு பிடுங்கிப் போட்டது, ஏழு தங்கின. எதற்கு இத்தனை என்று அவர் கேட்டதற்கு, பிள்ளைகளுக்குச் செயல்முறை காட்ட என்று புளுகினேன். வெட்டிய மரத்துக்கு ஏழு வாரிசா என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

பப்பாளி ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. விதையைப் பார்த்துச் சொல்வேன், வேரைப் பார்த்துச் சொல்வேன் என்பவர்கள் உண்டு. நான் நம்புவதில்லை. ஊரில் எல்லோரும் பெண்ணாக வேண்டும் என்று நடுவார்கள், நான் ஒருத்தி ஆண் வேண்டும் என்று நட்டேன். அந்த ரம்ஜானில் அவர் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். தட்டில் பப்பாளி இல்லாத அந்த இடத்தை நான் தினமும் பார்த்தேன்.

ஏப்ரல் மாதம் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, முதல் செடி பூத்தது. தண்டோடு ஒட்டிய தடித்த ஒற்றைப் பூ. பெண். இன்னொன்று, அவருக்கு ஆம்பூருக்கே டிரான்ஸ்ஃபர். ஜூன் முதல் தேதி அங்கே சேர வேண்டும். எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். கையில் ஆர்டரை வைத்துக்கொண்டு அழுதார். நானும் சந்தோஷம் என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வேறு மாதிரி அழுதேன். புருஷன் பிள்ளையோடு ஒருவர் சேரப் போவதற்கு வருத்தப்படுகிறேனே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரே வெறி. அவர் கிளம்புவதற்குள் அந்த மரத்தில் ஒரு பிஞ்சாவது பிடித்தாக வேண்டும். பிஞ்சு பழுக்க நான்கைந்து மாதம் ஆகும், அவர் தின்ன முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. பாழாக்கியதைச் சரியாக்கி அவர் கண்ணில் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது செடியும் பெண். மூன்றாவதும் பெண். எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் மாமியார் முகம் போன போக்கை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அதே முகத்தோடு நானே இப்போது ஒரு செடியின் முன்னால் நிற்பதை உணர்ந்தபோது சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. நான்காவதும் பெண்ணாகவே போனது. மே மாதக் கடைசியில், அவர் வீட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கத் தொடங்கிய பிறகு, ஐந்தாவது செடியின் கக்கத்திலிருந்து ஒரு காம்பு நீண்டு இறங்கியது. அதில் கொத்தாக மொட்டுகள். ஆண்.

மொட்டு விரிந்தது அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம். அந்தி வேளைப் பூச்சி வந்து மகரந்தம் சுமக்கும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பூக்களைக் கிள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு நிமிஷம் பிடிங்க என்றேன். அவர் எதுவும் கேட்காமல் ஏணியைப் பிடித்தார். மேலே ஏறி, ஒவ்வொரு பெண் பூவிலும் ஒரு ஆண் பூவைத் தேய்த்தேன். ஏழெட்டுப் பூ இருக்கும். கீழே பார்க்காமலேயே சொல்லிவிட்டேன். என் மரம் ஆண் மரம், அதை வெட்டியதால்தான் உங்கள் மரம் காய்க்கவில்லை, எரு போடச் சொன்னது என் தப்பு, ஆறு மாதமாக மனதில் வைத்துக்கொண்டு மறைத்தேன் என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். "வெட்டின அன்னிக்கே தெரியும். ஆம்பூர்ல எங்க கொல்லையிலயும் இப்படித்தான் ஒண்ண வெட்டிட்டு, அப்புறம் காயே இல்லாம போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஏணி ஆடாமல் நின்றது.

"சொல்லியிருந்தா ஒரு வார்த்த ஸாரின்னு சொல்லிட்டு உங்க பக்கமே நின்னிருப்பீங்க. காய் இல்லன்னுதானே உள்ள வந்தீங்க. பப்பாளி எங்க வேணா கெடைக்குங்க டீச்சர்."

நான் இறங்கவில்லை. இறங்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு வருஷம் முழுக்கச் சுவரோரம் நின்று பேசியிருக்கிறேன். மரம் காய்ப்பை நிறுத்தும்வரை அந்த வீட்டு வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. யார் வீட்டுக்கும் ஒரு வேலை இருந்தால்தான் போவேன், வேலை முடிந்தால் கிளம்பிவிடுவேன். அது நாசூக்கு என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேன் வந்தது, அவர் போனார். பத்து நாளில் இதழ்கள் உதிர்ந்து, ஆறு பூக்கள் பச்சையாகப் பருத்தன. படம் பிடித்து அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டார். அதன் பிறகு வாரம் ஒரு முறை பேசினோம். மரம் எப்படி இருக்கிறது என்பார், சொல்வேன். மகன் எப்படி இருக்கிறான் என்பேன், சொல்வார். அதற்கு மேல் இருவருக்கும் ஓடாது. சரிங்க டீச்சர் என்பார். வைத்துவிட்ட பிறகுதான், சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்கு வரும். ஐந்தரை மணி ஆனால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் போடி பைத்தியமே என்றிருப்பேன்.

அந்த வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. நேற்று, அந்த ஆறில் முதல் பழம் மஞ்சள் கட்டியிருந்தது. எனக்கு முன்னால் அணில் பார்த்துவிட்டது. அடியில் ஓட்டை போட்டு, கறுப்பு விதைகளைச் சுவர் நெடுக இறைத்திருந்தது. விதை இருக்கிறது என்று பார்த்து அப்படி ஒரு சந்தோஷம். மற்றதைப் பறித்து ஆம்பூருக்கு எடுத்துப் போகலாம் என்று முதலில் பையைத் தேடினேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவற்றையும் அணிலே தின்னட்டும், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போய்ச் சிந்தட்டும்.

சனிக்கிழமை காலை கிளம்புகிறேன். வேலூரில் பஸ் மாற வேண்டும். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கப் போவதில்லை. கதவைத் திறந்ததும் அவர் கட்டாயம் கேட்பார், என்ன டீச்சர் திடீர்னு, என்ன விஷயம் என்று. விஷயம் ஒண்ணும் இல்லீங்க, உங்களப் பாக்கணும்னு இருந்துச்சு என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பாடத்தை மனப்பாடமாக நடத்திய நான், இந்த ஒரு வரியை மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.