தூக்கிக் கொடுக்கிறவன்

காணும் பொங்கலன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் வாலிபால் போட்டி நடக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் சூடு பிடித்ததும் பார்க்கிறவர்களில் யாராவது மைக்கில் பேசுகிறவரிடம் போய், அடுத்த புள்ளியை இன்னார் அடித்தால் அவருக்கு ஒரு வேட்டி, ஒரு எவர்சில்வர் குடம் என்று சொல்வார்கள். அவர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார். அந்த வருஷம் என் பெயருக்கு ஒரு சேவலை அறிவித்தார்கள். நல்ல கறுப்புச் சேவல். காலைக் கட்டி மைக் மேசைக்கு அடியில்தான் போட்டிருந்தார்கள்.

நான் அடிக்கிறவன். வலையோரம் நின்று எனக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியவன் என் மச்சான். சொந்தம் ஒன்றும் இல்லை. அடுத்தடுத்த வீடு, ஒன்றாக வளர்ந்தோம், ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவன் நிற்கிற இடத்துக்குச் செட்டர் என்று பெயர். முதல் ஆள் எடுத்துக் கொடுக்கிற பந்து செட்டரிடம் வரும். அதை யாருக்கு, எந்தப் பக்கம் தூக்குவது என்று கண்மூடித் திறப்பதற்குள் அவன் முடிவு பண்ண வேண்டும்.

பந்து அவனிடம் போனது. நான் ஓடிவந்து எம்பினேன். எதிர்ப்பக்கம் மூன்று பேர் என்னைத் தடுக்கக் கையை விரித்துக்கொண்டு எம்பினார்கள். பந்து மட்டும் வரவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் மச்சான் தன் முதுகுப்பக்கமாக நின்ற எங்கள் அணி நெட்டையனுக்கு அதைத் தள்ளிவிட்டிருந்தான். அங்கே தடுக்க ஆளே இல்லை. நெட்டையன் சும்மா ஒரு தட்டுத் தட்டினான், புள்ளி விழுந்தது. நான் சேவலைப் பார்த்தேன், சேவல் என்னைப் பார்த்தது.

ஆட்டம் முடிந்ததும் சண்டைக்குப் போனேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊருக்கே தெரியும்.

"ஏன்டா மச்சான், சேவல என் பேருக்குத்தான சொன்னாங்க? காது அடச்சிப் போச்சா?"

"மைக்ல சொன்னது உனக்கு மட்டுமா கேட்டுச்சு? அவுங்களுக்கும்தான் கேட்டுச்சு. மூணு பேரும் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னானுங்க" என்றான் சிரித்துக்கொண்டே. "கப்பு வேணுமா, சேவல் வேணுமா உனக்கு?"

கப் எங்களுக்கு வந்தது. புள்ளி அடித்தவன் என்று சேவலை நெட்டையனுக்கே கொடுத்துவிட்டார்கள், அவன் வீட்டில் குழம்பு வைத்தார்கள். என்னைக் கூப்பிடவும் இல்லை.

மச்சானுடைய அம்மாவுக்கு வேறொரு வருத்தம். அவர் ஊரில் மாவு மில் நடத்துகிறவர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, அத்தை ரகசியம் சொன்னாலே தெருமுனை வரை கேட்கும். அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர், பாதியில் கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, எல்லாப் பந்தையும் நீங்களே அடிச்சா எப்புடி? எம்புள்ள வந்ததுலேர்ந்து தூக்கித் தூக்கிக் குடுத்துக்கிட்டே நிக்கிறான். அவனுக்கு ஒன்னு குடுத்தா கொறஞ்சா பூடுவீங்க?"

நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு ஒருநாள் நானே மில்லுக்குப் போய், அவன் வேலையே அதுதான், அடிக்கிறதைவிடப் பெரிய வேலை என்று தொண்டை கிழிய விளக்கினேன். அத்தை மாவைச் சலித்துக்கொண்டே கேட்டார். "அதெல்லாம் சரிப்பா. மைக்ல ஒரு தடவையாவது எம்புள்ள பேரச் சொன்னாங்களா?" சொன்னதில்லை. அரைக்கக் கொடுத்திருந்த மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்குச் சிதம்பரத்தில் கல்லூரி கிடைத்தது. நான் அதே ஊரில் டயர் கடை வேலையில் சேர்ந்தேன். கடையிலிருந்து ஒரு பழைய டயரைத் தூக்கிக்கொண்டு போய் மைதானத்து மரத்தில் கட்டினான். அதன் ஓட்டைக்குள் பந்தைத் தள்ளிக்கொண்டே இருப்பான். நேராக நின்று, முதுகைக் காட்டி நின்று, நான் பக்கத்தில் கத்திக் கலாட்டா பண்ணிக்கொண்டிருக்கும்போதும் தள்ளுவான். விடிந்ததும் அங்கேதான் நிற்பான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் எதிரணிக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பான். எவன் அவசரக்காரன், எவன் முன்னாடியே எம்பிவிடுவான் என்று பேச்சிலேயே பிடித்துவிடுவான். தன் அணியில் எவனாவது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தால், முதல் நல்ல பந்து அவனுக்குத்தான். "ஒரு புள்ளி அடிச்சான்னா சரியாயிடுவான் மச்சான்" என்பான். சரியாகிவிடும். நான் அவனை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் உயரம் போதாது. போன இடமெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். கல்லூரி கடைசி வருஷத்தில், டிவியில் காட்டுகிற தொழில்முறை லீக்குக்குச் சென்னையில் ஆள் எடுத்தார்கள். கிளம்புகிற அன்று என்னிடம் சொன்னான். "இது ஒரு தடவதான் மச்சான். அம்மாவால இனிமே மூட்டை தூக்க முடியல. கெடைக்கலன்னா வந்து மில்லப் பாக்கப் போறேன்."

நானும் கூடப் போனேன். சென்னையில் முதலில் சுவரில் கோடு போட்டு, யார் எவ்வளவு எம்புகிறார்கள் என்று அளந்தார்கள். அதில் இவன் கடைசிப் பக்கம். அப்புறம் ஆட்களைப் பிரித்து விளையாட விட்டார்கள். இவன் பக்கத்தில் ஒரு வடநாட்டுக்காரன், பனைமர உயரம். அன்றைக்கு எல்லாரும் அவனைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். இந்தப் பக்கத்தை நடத்திய பயிற்சியாளரே இவனைக் கூப்பிட்டு, பந்தையெல்லாம் அவனுக்கே கொடு என்று சொன்னார். இவனும் கொடுத்தான். எதிர்ப்பக்கம் மூன்று பேரும் பனைமரத்தைச் சுற்றியே நிற்க ஆரம்பித்தார்கள். அதற்குமேல் என் மச்சானுக்குக் கை சும்மா இருக்குமா? இந்தப் பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. புள்ளிமேல் புள்ளி. பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வேறொருவனை இறக்கினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

"சொன்னத அப்புடியே செஞ்சா என்னடா உனக்கு? அன்னைக்கு எஞ் சேவல். இன்னைக்கு உன் பொழப்பு."

"மூணு பேரு நிக்கிற எடத்துல எப்புடி மச்சான் குடுக்கறது? அடிச்சா அவனுக்குத்தான அசிங்கம்" என்றான். அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் இன்னொரு அணியின் பயிற்சியாளர், அன்று எதிர்ப்பக்கத்தை நடத்தியவர். "எங்க பசங்க மூணு பேரையும் தப்பான பக்கம் குதிக்க வச்சது நீதானே?" என்று கேட்டாராம். இவன் பயந்துபோய் ஆமா சார் என்றிருக்கிறான். ஒரு வருஷ ஒப்பந்தம். ஸ்பீக்கரில் போடாமலே அவன் முகத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கையில் டம்ளரோடு அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஒப்பந்தம் கிடைத்ததே தவிர, ஆட விடவில்லை. அவனுக்கு முன்னால் பெரிய செட்டர் ஒருவர் இருந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் இவன் பெஞ்சில். இடைவேளையில் மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் டிவியில் தெரிவான். அத்தை பார்த்துவிட்டுச் சொன்னார். "அங்கப் போயும் தூக்கித்தான் குடுக்கறான், தண்ணி பாட்டில." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சீசன் முழுக்க ஆடாதவனை அடுத்த வருஷம் எவனும் எடுக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போனில் பேசும்போது, மில்லுக்குப் புது பெல்ட் போட்டாச்சா என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.

கடைசி ஆட்டத்தன்று சாயங்காலம் நான் அத்தை வீட்டில் இருந்தேன். முடிவு எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்கிற நேரத்தில் பெரிய செட்டருக்குக் கால் பிசகியது. இவனை இறக்கினார்கள். அவர்கள் அணியில் ஒரு வெளிநாட்டு வீரர் இருந்தார், அடித்தால் தரை அதிரும். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. வர்ணனையாளரும் பந்து அவருக்குத்தான் போகும் என்றார். எனக்குச் சேவல் ஞாபகம் வந்துவிட்டது.

பந்து அவன் கைக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர் எம்பினார், எதிரணியில் மூன்று பேரும் அவரோடு எம்பினார்கள். பந்து இவன் முதுகுப்பக்கம் போய்விட்டது. அங்கே நின்றவன் தடுக்க ஆளில்லாத வலைக்கு மேலே ஓங்கி அடித்தான். வர்ணனையாளர் அடித்தவன் பெயரைத் தொண்டை கட்டக் கத்தினார். அந்த ஆட்டம் மச்சானுக்கு அடுத்த வருஷ ஒப்பந்தத்தையும் வாங்கிக் கொடுத்தது, அதெல்லாம் பிறகு.

அதே பந்தை மெதுவாக மறுபடி காட்டினார்கள். அத்தை டிவிக்குக் கிட்டே போய் நின்றார்.

"பந்து இந்தப் பக்கம் போவுது. அவுங்க மூணு பேரும் ஏம்ப்பா அந்தப் பக்கம் குதிக்கிறாங்க?" அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவன் குதிக்க வச்சான் அத்தை."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான்."

அடுத்த பந்தை அத்தை பார்க்கவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மூன்று பேரைத்தான் பார்த்தார். அவர்கள் மறுபடி வேறு பக்கம் எம்பினார்கள், மறுபடி புள்ளி விழுந்தது. வர்ணனையாளர் இந்தத் தடவையும் அடித்தவன் பெயரைத்தான் சொன்னார். அத்தை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மில் ஓடும்போது பேசுகிற அதே குரலில், மகன் பெயரைச் சொன்னார். தெருமுனை வரை கேட்டது.