ஒரு ரோஜா கேட்ட காலை

அம்மா இறந்த பிறகு வீட்டில் என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. அதனால்தான் தினமும் காலையில் சாம்பல்தீவுக் கடற்கரைக்குப் போய், ஆட்கள் கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுப்பதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டத் தொடங்கினேன். பார்ப்பவர்கள் காசு கட்டித் திரையில் ரோஜாப்பூ அனுப்பினால் எனக்குச் சிறு வருமானம் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரோஜா போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கேட்கக் கேட்க ஆட்கள் குறைந்தார்கள். ஒருநாள் மிஞ்சியது பரீதா அக்கா மட்டும்தான். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும், எங்கள் பக்கத்துக் கிண்ணியா ஊர்க்காரர். ஒவ்வொரு நாளும் "வந்திட்டன் தம்பி" என்று எழுதிவிட்டு, வலை கரையேறும்வரை இருப்பார்.

"அக்கா, எந்த நாளும் சும்மா பாத்திட்டுப் போறீங்கள். ஒரு ரோஜாவாவது போடக்கூடாதோ?" என்றேன்.

திரையில் பார்ப்பவர் தொகை ஒன்றிலிருந்து பூச்சியமானது. கடலைக் காட்டியபடி, யாருக்கென்று தெரியாமல் நின்றேன்.

பக்கத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த என் சிநேகிதன் ராசன் திரும்பினான்.

"என்னடா கேட்டனீ? கரையில நிண்டு பாக்கிற சனத்திட்ட, கயித்தைப் பிடியுங்கோ எண்டு நாங்கள் எப்பவாவது கேட்டிருக்கிறமோ? மனம் வந்தா அவையே பிடிப்பினம். பிடிக்காட்டியும் அவை நிக்கிறது எங்களுக்கொரு தெம்புதானே."

அன்றிலிருந்து நான் கேட்பதில்லை. வருகிறவர்களைப் பெயர் சொல்லி வரவேற்கிறேன். வலையில் என்ன பட்டது என்று காட்டுகிறேன். இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். ரோஜாக்களும் தாமாகவே வருகின்றன.

அந்த "வந்திட்டன் தம்பி" மட்டும் இன்னும் வரவில்லை.